குழந்தைக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டா? வீட்டில் அளந்து குறிப்பது எப்படி

எங்கள் மகனுக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நோய். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. டோஸ் டாக்டர் முடிவு, அதைத் தொடப்போவதில்லை. பக்க விளைவுகளை வீட்டிலிருந்தே எப்படிக் கவனிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஆப் வேண்டாம்; நோட்டை விரித்து நீட்டினால் டாக்டருக்கு ஆறு மாதமும் ஒரே பார்வையில் தெரியும். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்த மாத்திரை, விடிந்ததும் போகும் முதல் சிறுநீரில் நனைக்கும் டிப்ஸ்டிக் (சோதனைப் பட்டை) காட்டும் புரதம், வாரம் ஒருமுறை எடை.

அப்புறம் உயரம். முகம் உப்புவது ஊருக்கே தெரியும், வளர்த்தி நின்றுபோவது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட்டு அளங்கள்.

பிபிதான் நிறையப் பேர் தடுமாறும் இடம். மெஷினோடு வரும் பெரியவர்கள் கஃபை, அதாவது கையில் சுற்றும் பட்டையை, சின்னக் கையில் கட்டினால் பிபி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கஃப் சிறிதாகிவிட்டால் கூடுதலாகக் காட்டும். தையல் டேப்பால் மேல்கையின் நடுவில் சுற்றளவு எடுங்கள். 18 செ.மீ. என்றால் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஏறக்குறைய 7 செ.மீ. அகலமும், கையைக் குறைந்தது முக்கால்வாசிக்கு மேல் சுற்றிவரும் நீளமும் இருக்க வேண்டும். மணிக்கட்டு மெஷின் வாங்கவே வாங்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு வலது கையில் பாருங்கள். 120/80 நமக்குச் சரி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது அதிகம், அதனால் உங்கள் பிள்ளைக்கான எல்லையை டாக்டரிடம் கேட்டு நோட்டின் மேலேயே எழுதிவையுங்கள்.

கண்ணை மறக்காதீர்கள். புரை வந்தாலும் கண் அழுத்தம் ஏறினாலும் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டுக்கொண்டு கண் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று தாகமும் சிறுநீரும் அதிகமானால் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை என்றால், நம் பிள்ளைக்குக் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். எந்தத் தடுப்பூசிக்கு முன்பும் ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லுங்கள், உயிருள்ள கிருமியில் செய்யும் சில ஊசிகளை இந்தச் சமயத்தில் போடக் கூடாது.

பின்சேர்க்கை: வாந்தி எடுக்கும்போது மாத்திரையை நிறுத்தலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நிறுத்தக் கூடாது. பல வாரம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சொந்தமாகச் சுரப்பது குறைந்துவிடும், திடீரென்று மருந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சலோடு பிள்ளை துவண்டு கிடந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுக்கிறான் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், டோஸ், ஆரம்பித்த தேதி மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், பாட்டியோ சித்தியோ தூக்கிக்கொண்டு ஓடினாலும் காட்ட முடியும்.