மின்னோட்டவியல் பாடத்தை ஃபெட்டில் நடத்துவது எப்படி

ஹைடெக் லேபுக்குக் கூட்டிப்போய் வீடியோ போட்டுக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வீடியோவில் பிள்ளைகள் செய்ய ஒன்றுமே இல்லை. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு நான் நம்புவது ஃபெட் (PhET) என்ற அறிவியல் செயலிகள் தளத்தில் இருக்கும் மின்சுற்று அமைக்கும் செயலியைத்தான். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தளம் அது, இலவசம்.

நெட் கிடைக்கும் இடத்தில் அந்தச் செயலியின் கோப்பை முதல் நாளே இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசரில் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும். கணினிக்கு மூன்று பேர் போதும். மவுஸைக் கைமாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே கடைசிவரை வைத்துக்கொள்ளும்.

சரி, இனிதான் முக்கியமான வேலை. திரையைத் தொடும் முன் ஒரு பேட்டரி, தொடர் இணைப்பில் இரண்டு பல்பு என்று கரும்பலகையில் வரையுங்கள். எது பிரகாசமாக எரியும்? விடையைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், பென்சில் என்றால் அழித்துவிடுவார்கள். "முதல் பல்பிலேயே பாதி கரண்ட் செலவாயிடும் சார்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அப்போது திருத்த வேண்டாம். அவர்களே சுற்றை அமைக்கட்டும்.

செயலியில் பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என மூன்று இடத்திலும் வைக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் 0.45 ஆம்பியர்தான். நோட்டில் எழுதியதையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள், அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வார்கள். அப்புறம் பக்க இணைப்பு: ஒவ்வொரு பல்பிலும் 0.90, பேட்டரி அருகே 1.80.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீ எரியும். ஒருமுறை செய்து பார்க்கட்டும். வீட்டு பிளக்கில் இதைச் செய்யவே கூடாது என்று அப்போதே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் நிஜ டார்ச் பல்புகளுக்கு ஒதுக்குங்கள். பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், எல்இடி வேண்டாம். இரண்டைத் தொடராக இணைத்தால், ஒரே பல்பு இருந்தபோது ஓடிய மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாது, பாதிக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். செயலியில் பல்பின் மின்தடை மாறுவதில்லை. நிஜத்தில் இழையின் சூடு குறைந்தால் மின்தடையும் குறையும். இந்தக் காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். செயலியில் வந்த அளவுகளையும் நிஜத்தில் வந்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்து, வித்தியாசம் ஏன் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.