ஒன்ராறியோவில் வேட்டை லைசன்ஸ்: இரண்டு வகுப்பு, மூன்று சோதனை

நவம்பரில் மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறவர் அந்த வருடம் மார்ச்சுக்குள்ளேயே வகுப்புக்குப் பதிந்துவிட வேண்டும். ஓகஸ்டில் யோசிக்கத் தொடங்கினால் அந்த சீசன் பெரும்பாலும் தவறிவிடும். ஒன்ராறியோவில் துவக்குடன் வேட்டைக்குப் போக ஒரு அட்டை போதாது. துவக்கு வைத்திருக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதைத்தான் எல்லோரும் பி.ஏ.எல் என்கிறார்கள். அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அடையாள அட்டை வேண்டும். அதற்கு மேல் எந்த விலங்கோ அதற்குரிய லைசன்ஸ் வேண்டும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள் அநேகமாகக் குழம்புவது இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

வேட்டைக் கல்விக்கு வயது 12 ஆகியிருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் தேவை. வில் அல்லது குறுக்குவில் மட்டும் போதும் என்பவர் துவக்கு வகுப்பை விட்டுவிட்டு நேரே இரண்டாம் படிக்குப் போகலாம். மற்ற எல்லோரும் முதல் படியிலிருந்தே வாருங்கள்.

முதல் படி: துவக்குப் பாதுகாப்பு வகுப்பு

பதியும்போது சாதாரண றைபிள், சொட்கன்னுக்கான வகுப்பைத் தெரிவு செய்யுங்கள். கைத்துவக்குக்கென்று உள்ள தனி வகுப்பு வேட்டைக்குத் தேவையில்லை. முன்பு வகுப்புக்குப் போகாமல் சோதனையை மட்டும் எழுத முடிந்தது. 2015 முதல் அந்த வழி இல்லை. சோதனை இரண்டு: எழுத்து, செய்முறை. ஒவ்வொன்றிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் அதிகம் எடுத்து மற்றதன் குறையை நிரப்ப முடியாது.

எழுத்துச் சோதனைக்குக் கையேட்டை இரண்டு தரம் ஊன்றி வாசித்தால் போதும். மஸில், சேம்பர், போர், அக்‌ஷன் என்ற பெயர்களை ஆங்கிலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். பயிற்றுநர் அப்படித்தான் சொல்வார். மஸில் என்பது குழலின் வாய், போர் என்பது குழலின் உட்துளை, சேம்பர் என்பது தோட்டா உட்காரும் இடம், அக்‌ஷன் என்பது தோட்டாவை ஏற்றி, சுட்டு, வெளியே தள்ளும் பொறி.

ஆட்கள் தவறுவது செய்முறையில்தான். அங்கே பார்க்கப்படுவது உங்கள் ஞாபகசக்தி இல்லை, உங்கள் கையின் பழக்கம். நான்கு விதிகளை, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "அக்ட்ஸ்" (ACTS) என்று சொல்லித் தருவார்கள்: எந்தத் துவக்கையும் தோட்டா ஏற்றியது என்றே எண்ணு, குழல்வாய் எங்கே பார்க்கிறது என்பதை எந்நேரமும் கட்டுப்பாட்டில் வை, விரல் விசையிலும் படக்கூடாது, விசைக்காப்பு வளையத்துக்குள்ளும் போகக்கூடாது, துவக்கு வெறுமை என்பதைப் பார்த்து உறுதி செய். கடைசி விதியைச் செய்யும் முறைக்குப் பெயர் "புரூவ்" (PROVE), இதுவும் ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான்:

1. இருக்கிற திசைகளில் ஆகப் பாதுகாப்பானதை நோக்கிக் குழலைத் திருப்புங்கள்.
2. தோட்டாக்கள் எல்லாவற்றையும் எடுங்கள்.
3. சேம்பரைக் கண்ணால் பாருங்கள்.
4. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மகசினிலிருந்து சேம்பர் வரை தோட்டா வரும் பாதையைச் சரிபாருங்கள்.
5. குழலின் உட்புறத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஒழுங்கு மாறக்கூடாது. கழற்றக்கூடிய மகசின் உள்ள ஒரு துவக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மகசினைக் கழற்றாமல், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்டை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். போல்ட் திரும்ப முன்னுக்குப் போகும்போது மகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். ஒன்று விழுந்ததைக் கண்ணால் கண்டவர் துவக்கு வெறுமை என்று நம்பி மற்றவர் கையில் கொடுப்பார். உயிர் போகிற பிழை இது. அதனால் முதலில் மகசின், பிறகு போல்ட்.

சோதனை மேசையில் நடக்கும் வழக்கமான பிழைகள் இவை. பரிசோதகர் ஏதாவது கேட்டதும் முகத்தோடு சேர்த்து உடம்பையும் திருப்புகிறார்கள். குழலும் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. காலை அசைக்காமல், தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்லப் பழகுங்கள். துவக்கைத் தோளில் வைத்ததும் சுட்டுவிரல் தானாக விசையைத் தேடுகிறது. விரலை விசைக்கு மேலே, துவக்கின் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது "இப்போதுதானே பார்த்தேன்" என்று புரூவை விடுகிறார்கள். கையை விட்ட துவக்கு புதிய துவக்குதான், திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும். வீட்டில் ஒரு தும்புத்தடியை வைத்து இதைப் பத்து நாள் பழகினால் கை தானாகச் செய்யும். கேலியாகத் தெரிந்தாலும் செய்யுங்கள்.

தோட்டாவைப் பொருத்தும் பகுதியில் அவசரப்படாதீர்கள். குழலில் பொறித்திருப்பதை வாசித்து, தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் வாசித்து, இரண்டும் ஒன்றுதான் என்று பார்த்த பிறகே கையில் எடுக்க வேண்டும். கேஜ் என்பது சொட்கன் குழலின் உட்துளை அளவு. 20 கேஜ் தோட்டா 12 கேஜை விடச் சிறியது. அது 12 கேஜ் சொட்கன்னுக்குள் தவறிப் போனால் சேம்பரைத் தாண்டிக் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். சேம்பர் வெறுமையாகத் தெரிவதால் பின்னால் ஒரு 12 கேஜை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். ஜக்கெட் பைக்குள் இரண்டையும் ஒருபோதும் கலந்து போடாதீர்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக்கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி 60 விநாடி காத்திருக்க வேண்டும். மருந்து சிலவேளை பிந்திப் பற்றும்.

இரண்டாம் படி: வேட்டைக் கல்வி

இது மாகாணத்தின் பாடம். வகுப்பிலோ ஒன்லைனிலோ படிக்கலாம். துவக்கு வகுப்பையும் இதையும் சேர்த்து அடுத்தடுத்து நடத்துகிற இடங்களும் உண்டு. முதல் தடவை எடுக்கிறவருக்கு அதுவே வசதி. சோதனையில் 75 வீதம் வேண்டும்.

பாடத்தில் சட்டமும் விலங்கு அடையாளமும்தான் கனமானவை. உதாரணமாக, கொம்பு 7.5 சென்ரிமீற்றரை விடக் குட்டையான ஆண்மானும் சட்டப்படி "கொம்பில்லாத மான்". உங்களிடம் இருக்கும் அனுமதி எதற்கு என்பதை வைத்துத்தான் சுடலாமா கூடாதா என்பது முடிவாகும். மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தைப் படத்தில் நன்றாகப் பார்த்து வையுங்கள். மான் பக்கவாட்டில் நிற்கும்போதுதான் அந்த இடம் திறந்து கிடக்கும். நேரெதிரே நிற்கும் மானைச் சுட்டால் காயத்தோடு ஓடி எங்கோ வதைபட்டுச் சாகும். அந்தச் சூட்டைச் சுடாமல் விடுவதுதான் வேட்டைக்காரனுக்கு அழகு.

விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் அதேயளவு முக்கியம். சிறிய .22 தோட்டாகூட ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் போகும். மேட்டின் விளிம்பில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடக்கூடாது.

காணி விஷயத்தில் சிவப்பு அடையாளம் என்றால் உள்ளே போக அனுமதியில்லை, மஞ்சள் என்றால் குறிப்பிட்ட தேவைக்கு மட்டும். அடையாளமே இல்லாவிட்டாலும் வேலி அடைத்த காணி, பயிர் நிற்கும் வயல் எல்லாம் சொந்தக்காரரைக் கேட்டுப் போக வேண்டியவைதான்.

மூன்றாம் படி: பி.ஏ.எல் விண்ணப்பம்

துவக்குச் சோதனை பாஸானதும் அடுத்த நாளே விண்ணப்பியுங்கள். முதல் தடவை எடுப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். 12 முதல் 17 வரையானவர்களுக்குச் சிறார் உரிமம் தனியாக உண்டு.

விண்ணப்பம் தாமதமாவது பெரும்பாலும் ஆட்களின் விபரத்தால். உங்களை மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேரின் பெயர் கேட்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இப்போதைய துணை மட்டுமில்லை, கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணையின் விபரமும் கொடுக்க வேண்டும். மறைத்தால் பிரச்சினை பெரிதாகும்.

துவக்கை வாங்க முன்பே பூட்டை வாங்குங்கள். வீட்டில் துவக்கு வெறுமையாக, விசைப்பூட்டுடனோ பூட்டிய பலமான பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும். தோட்டா எளிதில் எட்டாத வேறு இடத்திலோ பூட்டியோ இருக்க வேண்டும்.

நான்காம் படி: அட்டையும் அனுமதியும்

அவுட்டோர்ஸ் கார்ட் மூன்று வருடம் செல்லும். அதை எடுத்த பிறகு மான், மூஸ் (மிகப் பெரிய மான் இனம்), சிறுவிலங்கு என்று தனித்தனி லைசன்ஸ். வாத்து, கீஸ் சுட மத்திய அரசின் புலம்பெயர் பறவை அனுமதியும் சிறுவிலங்கு லைசன்ஸும் சேர்ந்து வேண்டும். அதற்கு ஈயச் சன்னம் கூடாது, சொட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும்.

மான், மூஸ் துவக்கு சீசனில் செம்மஞ்சள் உடுப்பு கட்டாயம்: இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி 2,580 சதுர சென்ரிமீற்றர், அதோடு செம்மஞ்சள் தொப்பி. இலைதழை வடிவம் அச்சடித்த செம்மஞ்சள் ஜக்கெட் இந்தக் கணக்கில் சேராது. கடையில் அழகாகத் தெரிவதால் பலர் அதைத்தான் வாங்கி ஏமாறுகிறார்கள்.

சூரியன் உதிக்க அரைமணி முன்னிருந்து மறைந்து அரைமணி வரைதான் நேரம். ஃபிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டை எல்லா ஊரிலும் இல்லை. போகும் ஊரின் விதியை மாகாணத்தின் வேட்டைச் சட்டச் சுருக்கத்தில் பாருங்கள்.

சீசன் முடிந்ததும் மான், மூஸ் சுட அனுமதி பெற்றவர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும், காட்டுப் பக்கமே போகாவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். அடுத்த வருடம் எந்தப் பகுதியில் எத்தனை அனுமதி என்று கணக்கிட இந்தப் பதில்களும் தேவைப்படுகின்றன. கடைசித் திகதியை இப்போதே தொலைபேசியில் குறித்து வையுங்கள்.