தற்செயலா, சகுனமா? நோட்டும் பேனாவும் வைத்து நீங்களே பார்க்கலாம்

ஒருவரை நினைத்த மாத்திரத்தில் அவரிடமிருந்தே போன் வந்தால் "உங்களுக்கு ஆயுசு நூறு" என்போம். அதில் ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: போன் வருவதற்கு முன்பே எழுதுங்கள். யார் நினைவு வந்தது, எத்தனை மணிக்கு. பத்து நிமிடத்துக்குள் கூப்பிட்டால்தான் பலித்தது என்று எல்லையையும் இப்போதே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வரும் வாட்ஸாப் 'குட் மார்னிங்'கூடக் கணக்கில் ஏறிவிடும்.

படி 2: பலிக்காததையும் எழுதுங்கள். நினைத்தும் வராத போன், நினைக்காமலே வந்த போன், இரண்டும் வேண்டும். பலரும் கைவிடும் இடம் இதுதான். நினைக்காத நேரத்தில் அவர் எந்த அளவுக்குக் கூப்பிடுகிறாரோ அதே அளவுதான் நினைத்த நேரத்திலும் என்றால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

படி 3: எத்தனை வாய்ப்புகள் இருந்தன என்று எண்ணுங்கள். என்னைக் கேட்டால் முக்கியமான படி இது. 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய 50.7 சதவீத வாய்ப்பு உண்டு. நம்ப முடியவில்லையா? நாம் 23 பேரை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 × 22 ÷ 2 = 253 ஜோடிகள். 40 பேர் உள்ள வகுப்பில் வாய்ப்பு 89 சதவீதம். அதே வகுப்பில் 'என்' பிறந்தநாள் இன்னொருவருக்கு இருக்குமா என்று கேட்டால் சுமார் பத்து சதவீதம்தான் தேறும். நமக்கு நடந்ததை 'யாராவது இருவர்' என்ற முதல் கணக்கில் போடுவதா, 'நான்' என்ற இரண்டாவதிலா என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

படி 4: சாதாரணக் காரணம் உண்டா என்று தேடுங்கள். 2009 செப்டம்பர் 6-ஆம் தேதி பல்கேரிய லாட்டரியில் 4, 15, 23, 24, 35, 42 விழுந்தன. 10-ஆம் தேதி அடுத்த குலுக்கலிலும் அதே ஆறு எண்கள். அரசு விசாரித்தது, முறைகேடு எதுவும் சிக்கவில்லை. (இரண்டாம் முறை அதே எண்களைக் கட்டி 18 பேர் ஜெயித்தார்கள். பழைய எண்ணையே கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு போல!)

அங்கே தேடியும் காரணம் கிடைக்கவில்லை; உங்கள் நோட்டிலோ சீக்கிரமே அகப்படும். அம்மா தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுபவர் என்றால், அந்த நேரத்தில் அவர் நினைப்பு வருவது இயல்பு. அந்த மாதிரி வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள்.