கோச்னு போர்டு மாட்டியாச்சு, உள்ளுக்குள்ள உதறுதா?

சர்டிஃபிகேட் வாங்கி லிங்க்ட்இன்ல போட்டு, எல்லாரும் கங்கிராட்ஸ் சொல்லி முடிச்சப்புறம், காசு குடுத்து வர்ற மொத கிளையன்ட் ஜூம்ல வந்து உக்காரும்போது வயித்துல ஒண்ணு பிசையும் பாருங்க, அதப் பத்திதான் எழுதுறேன். நான் பதினோரு வருஷம் எச்ஆர்ல இருந்துட்டு கேரியர் கோச்சிங்குக்கு வந்தவ, அதாவது வேலை விஷயத்துல ஒருத்தர் தானே முடிவெடுக்க கேள்வி கேட்டு உதவுறது. எத்தனையோ பேர இன்டர்வியூ பண்ணிருக்கேன், அப்பல்லாம் வராத நடுக்கம் என்னவிட பத்து வயசு பெரியவர் ஒருத்தர் "வணக்கம் மேம்"னு ஸ்க்ரீன்ல வந்தப்ப வந்துச்சு. இவருக்கு நான் என்னத்த சொல்லிக் குடுத்துடப் போறேன்?

அந்தக் கேள்விதாங்க பிரச்சனையே. கோச்னா பதில் தெரிஞ்சவங்கன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு, ஏன்னா நாம மாமா, சித்தப்பா, எதிர்வீட்டு அங்கிள்னு எல்லார்ட்டயும் அட்வைஸ் வாங்கியே வளந்தவங்க. கிளையன்டும் அதே வளர்ப்புதான. அவர் கேட்டது: "நீங்களே சொல்லுங்க மேம், நான் இந்த வேலைய விடட்டுமா வேணாமா?" நானும் ஜோரா நாப்பது நிமிஷம் சொன்னேன். அவர் நோட்ல எழுதிக்கிட்டார், தேங்க்ஸ் சொன்னார், அப்புறம் ஆளையே காணோம்.

அதே கேள்வி வேற ஒருத்தர்ட்டருந்து வந்தப்ப நான் செஞ்சத அப்படியே சொல்றேன், நீங்க எடுத்துக்கலாம். "சொல்றேன் சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். நான் இப்ப விட்டுடுங்கன்னு சொல்லிட்டா உங்க மனசுல மொதல்ல என்ன வரும்?" கேட்டுட்டு வாய மூடிக்கிட்டேன். ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. பின்னாடி ரெக்கார்டிங்ல பாத்தா பதினேழு செகண்டுதான், ஆனா அப்ப எனக்கு அது பதினேழு நிமிஷம். அவர் மெதுவா, "லோன் வரும்னு நெனச்சேன் மேம், ஆனா எங்கப்பா மொகம்தான் வருது"ன்னார். அதுக்கப்புறம் செஷன் தானா ஓடுச்சு, நான் பேசுனது ரொம்ப கம்மி.

அந்த பதினேழு செகண்ட தாங்குறதுக்கு பழக்கம் வேணும். எனக்கு கைகொடுத்தது ஒரு சில்லறை ட்ரிக்தான்: கேள்வி கேட்டவுடனே என் மைக்க ம்யூட் பண்ணிடுவேன். ஏதாவது உளறணும்னா அன்ம்யூட் பண்ணணும், அந்த ஒரு செகண்டுல புத்தி வந்துடும். நேர்ல பாக்குறப்ப பேனாவ மூடி மேஜைல வச்சிட்டு கால் விரல ஷூவுக்குள்ள அழுத்திக்கிறது. சிரிக்காதீங்க, ஒர்க் ஆகுது.

அடுத்தது மணிக்கணக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு "என்னால முடியும்"னு பத்து தடவ சொல்றதுல எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல. ஆல்பர்ட் பண்டுரானு ஒரு சைக்காலஜிஸ்ட், 1977லயே ஒரு ஆளுக்கு 'இத நம்மால செய்ய முடியும்'ங்கிற நம்பிக்கை நாலு வழில வருதுன்னு எழுதினார்: தானே செஞ்சு பாத்தது, தன்ன மாதிரி ஒருத்தர் செய்றத பாத்தது, அடுத்தவங்க சொல்றது, அப்புறம் நம்ம உடம்பு படபடப்ப நாம எப்படி எடுத்துக்கிறோம்ங்கிறது. இதுல தானே செஞ்சு பாத்ததுக்குத்தான் வெயிட் ஜாஸ்தின்னார். கோச்சுங்களுக்கு சர்டிஃபிகேட் குடுக்குற ஐசிஎஃப்னு (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) ஒரு அமைப்பு, அவங்க வச்சிருக்கிற கணக்கையும் இப்படியே பாருங்க. அவங்களோட மொத லெவல் ஏசிசிக்கு 100 மணி நேரம் கோச்சிங் பண்ணிருக்கணும், அதுல 75 காசு வாங்கி பண்ணதா இருக்கணும், கூடவே 10 மணி நேரம் மென்ட்டர் கோச்சிங் (நாம கோச் பண்றத அனுபவமுள்ள ஒரு கோச் பாத்து திருத்துறது), அதையும் ஒரே வாரத்துல முடிக்க விடமாட்டாங்க, குறைஞ்சது மூணு மாசம் இழுக்கணும். அதுக்கு அடுத்த லெவல் பிசிசின்னா 500 மணி நேரம். பேப்பருக்காக கேக்குறாங்கன்னு நெனச்சா கடுப்பாத்தான் இருக்கும், ஆனா நாப்பதாவது மணி நேரத்துல வயித்துப் பிசைச்சல் பாதியா கொறஞ்சத நானே பாத்தேன். ஒரு எக்செல் ஷீட் போடுங்க: தேதி, எத்தன நிமிஷம், காசா ஃப்ரீயா, நான் கேட்டதுல எந்த ஒரு கேள்வி நல்லா விழுந்துச்சு. அந்தக் கடைசி கட்டம்தான் முக்கியம், டல்லா இருக்கிற நாள்ல அத மட்டும் மேலேர்ந்து கீழ படிங்க.

காசுன்ன உடனே ஞாபகம் வருது. பெரிய ஃபீஸ் வாங்கினாத்தான் கணக்குல சேரும்னு இல்ல, சின்னத் தொகையா இருந்தாலும் காசு வாங்கின மணி நேரம்தான், அதனால 200 ரூபாய்ல கூட ஆரம்பிங்க, ஆனா வாங்குங்க. ஃபீஸ் சொல்றப்ப நம்மாளுங்க செய்ற தப்பு என்னன்னா, "செஷனுக்கு 1,500, ஆனா பரவால்ல, உங்களால முடிஞ்சத குடுங்க, இல்லன்னா அப்புறமா பாத்துக்கலாம்"னு ஒரு வால் ஒட்டுறது. கேக்குறவங்களுக்கு 1,500 கேக்காது, அந்த வால்தான் கேக்கும். நம்பர சொல்லுங்க, தண்ணி கிளாஸ எடுத்து ஒரு மடக்கு குடிங்க, வாய் நெறைய தண்ணி இருந்தா வால் வராது. சொந்தக்காரங்க வந்தா மட்டும் வேற ஒரு கோச் நம்பர குடுத்து அனுப்பிடுங்க, ஃப்ரீயா பண்ணாலும் வம்பு, காசு கேட்டாலும் கல்யாண வீட்ல பேச்சு.

செஷன ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, கிளையன்ட்ட கேட்டுட்டு மட்டும். மொத தடவ சொந்தக் குரல கேக்க சகிக்காது. முழுசா ஜட்ஜ் பண்ண உக்காராம, ஒரு பேப்பர்ல நீங்க கேட்ட கேள்விகள மட்டும் எழுதுங்க. எனக்கு வந்த லிஸ்ட்ல பாதி "நீங்க ஏன் இப்படி ட்ரை பண்ணக்கூடாது?" ரகம், அதாவது கேள்வி வேஷம் போட்ட அட்வைஸ்.

இன்னொரு பொறி இருக்கு, நானும் விழுந்தேன். பயமா இருக்கா, இன்னொரு கோர்ஸ் சேருங்கன்னு விக்கிறவங்க. ஒருத்தர்ட்ட மூணு கோர்ஸ் பண்டிலா வாங்கினேன், ஒண்ணக்கூட முழுசா பாக்கல. தகுதி பத்தலன்னு தோணுறதுக்கும் நெசமாவே தகுதி இல்லாததுக்கும் சம்பந்தம் கம்மிதான், பாலின் க்ளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க 1978ல இந்த 'நான் ஏமாத்துறேனோ'ங்கிற உணர்ச்சியப் பத்தி எழுதினப்ப அவங்க பாத்தது நல்லா படிச்சு சாதிச்ச பெண்கள்கிட்டதான்.

எது நம்ம வேலை இல்லன்னு தெரிஞ்சு வச்சிக்கிறதும் தைரியம் தரும். வாரக்கணக்கா தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, வாழவே புடிக்கலன்னு ஒருத்தர் சொன்னா அங்க கோல் செட்டிங் பண்ணாதீங்க. டாக்டர்ட்ட போகச் சொல்லுங்க, டெலி மானஸ்ங்கிற மனநல ஹெல்ப்லைன் நம்பர் 14416 குடுங்க, அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். மொத தடவ அப்படி ஒருத்தர அனுப்பினப்ப தோத்துட்டேன்னு நெனச்சேன், இப்ப அப்படி தோணல.

ரெண்டு செஷன் வந்துட்டு காணாம போறவங்க இருப்பாங்க. ஒரே ஒரு வாட்ஸ்அப் போடுங்க, "எப்ப வேணா வாங்க, எது ஒத்து வரலன்னு சொன்னா எனக்கும் உபயோகமா இருக்கும்"னு. ரெண்டாவது மெசேஜ் வேணாம். என்னை விட்டுட்டுப் போனாரே அந்த மொத ஆள், அவருக்கு நான் அத ஆறு மாசம் கழிச்சு போட்டேன். "நீங்க நல்லா பேசுனீங்க மேம், நான்தான் பேச வந்திருந்தேன்"னு பதில் வந்துச்சு.