கடை, மண்டபம், பிளாட் எல்லாம் ஒரே கட்டடத்துல வருதா? ரோடு தாங்குமான்னு கணக்கு போடுறது எப்படி

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கம் புதுசா வர்ற பெரிய கட்டடம் பலதும் ஒரே அச்சுதான், கீழ ஜவுளிக்கடை, நடுவுல கல்யாண மண்டபம், மேல பிளாட். இதுக்கு எத்தனை வண்டி வரும், எதிர்ல இருக்கிற ரோடு தாங்குமான்னு பாக்குறதுதான் டிராபிக் ஸ்டடி. கணக்கு என்னமோ கூட்டல் பெருக்கல்தான், எந்த நாள் போய் வண்டிய எண்ணுறீங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

ஒருதடவ ஒரு ரிப்போர்ட் பாக்க குடுத்தாங்க, கலர் கலரா கிராப் போட்டு ரோடு காலின்னு முடிச்சிருந்தாங்க, எண்ணுன தேதிய பாத்தா டிசம்பர் கடைசி வாரம். அரைப்பரீட்சை லீவு, ஸ்கூல் வேன் ஓடாது. மார்கழி, கல்யாணம் கிடையாது. சம்பா இன்னும் வயல்லயே நிக்குது, நெல்லு வண்டி கிடையாது. இப்படி நாள் பாத்து எண்ணுனா எந்த ரோடுதான் காலியா இருக்காது?

டெல்டாவுல தை மாசம்தான் எண்ணணும். சம்பா அறுவடை நடக்கும், மூட்டை ஏத்துன டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்கு போகும், அங்கேருந்து லாரி கிளம்பும், அறுவடை மெஷின் பாதி ரோட்ட அடைச்சிட்டு ஊர்ந்து போகும், அதே மாசத்துலதான் முகூர்த்தமும் வரிசையா வரும். அதனால சாதாரண ஸ்கூல் நாள் ஒண்ணு, தை முகூர்த்த நாள் ஒண்ணு, ரெண்டையும் எண்ணுங்க. காலைல 7 டு 11, சாயங்காலம் 4 டு 9, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கட்டம், வண்டி வகை வாரியா கோடு போட்டுட்டே வரணும். எதிர்க்கடை மாடில போன வச்சு வீடியோ எடுத்துட்டா அப்புறம் சரிபாக்கலாம். (2028 மகாமகத்துக்கும் சேத்து டிசைன் பண்ணணுமான்னு கேப்பாங்க. வேணாம், அன்னைக்கு போலீஸே ரோட்ட மூடிடும்.)

எண்ணுனத அப்படியே கூட்டக்கூடாது, எல்லாத்தையும் கார் கணக்குக்கு மாத்தணும், இத பிசியு (பாசஞ்சர் கார் யூனிட்)ன்னு சொல்வாங்க, ஒரு கார்னா 1. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நகர ரோடுகளோட கொள்ளளவுக்குப் போட்ட ஐஆர்சி 106ங்கிற வழிகாட்டில, மொத்த வண்டில ஒரு வகை சுமார் 10 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா டூவீலர் 0.75, ஆட்டோ 2, பஸ் லாரி 3.7. அந்த வகை 5 சதவீதம்தான்னா பஸ்ஸு 2.2, டிராக்டர் டிரெய்லர் 4. உதாரணத்துக்கு ஒரு மணி நேரத்துல 800 டூவீலர், 160 கார், 110 ஆட்டோ, 50 பஸ்ஸுன்னு வச்சுக்குங்க, 600 + 160 + 220 + 110, ஆக 1090 பிசியு. இதுல 25 நெல்லு டிராக்டர் வந்தா 100 கூடி 1190 ஆயிடும், இன்னும் நம்ம கட்டடத்துக்கு ஒரு செங்கல்லு கூட வைக்கல.

இத எதோட ஒப்பிடுறதுங்கிறதுலதான் அடுத்த விளையாட்டு. ரெண்டு லேன் ரோடு, ரெண்டு பக்கமும் போக்குவரத்துன்னா, மணிக்கு இத்தனை பிசியுன்னு அதே ஐஆர்சி 106ல இருக்கு: ஆர்டீரியலுக்கு (ஊரோட முக்கிய மெயின் ரோடு) 1500, சப் ஆர்டீரியலுக்கு (அதுக்கு அடுத்த நிலை ரோடு) 1200, கலெக்டர் ரோடுக்கு (தெருவுலேருந்து வர்ற வண்டிய மெயின் ரோடுல சேக்குற ரோடு) 900. ரிப்போர்ட்ல சப் ஆர்டீரியல்னு எழுதிடுவாங்க. ஆனா அந்த 1200 ஓரத்துல வண்டி நிக்காத ரோடுக்கு. பூக்கடை, தள்ளுவண்டி, பேங்க் வாசல்ல ரெண்டு வரிசை பைக்குன்னு இருக்கிற நம்ம ரோடு 900தான், நேர்ல போயி பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒண்ணு, இந்த நம்பரே முழு கொள்ளளவுல சுமார் 70 சதவீதம்தான், தாண்டுன உடனே ரோடு நின்னுடாது, நெரிசல் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.

கட்டடத்துக்கு எத்தனை வண்டி வரும்னு அமெரிக்கா புக்க பாத்து போடாதீங்க, அங்க யாரும் பைக்ல மூணு பேரா கல்யாணத்துக்கு போறதில்ல. இதே மாதிரி ஏற்கனவே ஓடுற ஒரு கட்டடத்து வாசல்ல ஒருநாள் நில்லுங்க, ஆயிரம் சதுர அடி கடைக்கு எத்தனை, ஒரு பிளாட்டுக்கு எத்தனை, மண்டபத்துல நூறு பேருக்கு எத்தனைன்னு கிடைச்சிடும், அதையும் பிசியுவா மாத்தி ரோட்ல எண்ணுனதோட கூட்டித்தான் ரோடு தாங்குமான்னு பாக்கணும். மேல குடியிருக்கிறவங்க கீழயே வாங்கிப்பாங்கன்னு கொஞ்சம் கழிக்கலாம், ஆனா வீட்டுக்கு ஒரு பட்டுப்புடவ வருஷத்துக்கு எத்தனைன்னு யோசிச்சிட்டு கழிங்க, மளிகைக்கடைன்னா வேற.

அடுத்து எந்தப் பக்கத்துலேருந்து வருவாங்கன்னு பிரிக்கணும். கும்பகோணம் காவேரிக்கும் அரசலாத்துக்கும் நடுவுல இருக்கு, வடக்க இருந்து வர்றவன் பாலத்துமேலதான் வந்தாகணும், சுத்திப் போக சந்து கிடையாது. அதனால சைட் வாசல மட்டும் பாத்துட்டு நிக்காம பாலத்து முனையையும், வழியில ரயில்வே கேட் இருந்தா அதையும் எண்ணுங்க, கேட் மூடி திறக்குறப்ப வரிசை எதுவரைக்கும் நிக்குதுன்னு குறிச்சு வைங்க.

கடைசியா வாசல். நம்ம பக்கம் ரோட்டோரம் வாய்க்கால் ஓடும், அதுமேல போடுற சின்ன பாலத்து அகலம்தான் மொத்த கட்டடத்துக்கும் தொண்டை. முகூர்த்தத்துக்கு 20 நிமிஷத்துல 100 கார் வருதுன்னு வைங்க, கேட்ல ஒருத்தர் உக்காந்து காருக்கு 15 செகண்டு வீதம் டோக்கன் குடுக்குறார், அப்ப 80 கார்தான் உள்ள போகும். மிச்சம் 20 கார், காருக்கு 6 மீட்டர்னு போட்டா 120 மீட்டர் வரிசை. கேட்ட 30 மீட்டர் உள்ள தள்ளி வச்சிருந்தாலும் 90 மீட்டர் ரோட்லதான் நிக்கும், அதுக்குள்ள பின்னாடி டவுன் பஸ்ஸு ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிருப்பான். டோக்கன வாசல்ல குடுக்காம வண்டிய நிறுத்துனப்புறம் உள்ள குடுங்கன்னு பிளான்லயே எழுதிட்டா அந்த 90 மீட்டரே இல்ல. செலவு, டோக்கன்காரர் ஸ்டூல தூக்கிட்டு உள்ள போறதுதான்.