நேவிகேஷன் பிராங்கோஸ்கோபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரல் ஓரத்தில் சின்னக் கட்டி, நேவிகேஷன் பிராங்கோஸ்கோபி (கணினி வரைபடம் வழிகாட்ட, மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை அடையும் முறை) செய்து சதை எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு நோயாளிகள் கையில் பெரிய ஸ்கேன் கவரோடு வருவார்கள். உள்ளே ஃபிலிம் இருக்கும், ரிப்போர்ட் இருக்கும். ஸ்கேன் பதிவான சி.டி. தட்டு மட்டும் வீட்டு பீரோவில் இருக்கும். முதல் தவறு இங்கேதான். ஃபிலிமை வைத்து இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாது. ஸ்கேனின் டிஜிட்டல் பதிவைக் கணினியில் ஏற்றினால்தான் மூச்சுக்குழாய்களின் வரைபடம் கிடைக்கும். அதுவும் 1 மி.மீ. அளவுக்கு மெல்லிய படங்களாக இருக்க வேண்டும், 5 மி.மீ. படங்களில் நுனிக் கிளைகள் தெரியாது. அதனால் புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வீண் செலவு என்று நினைக்காதீர்கள். பழைய ஸ்கேனுக்குப் பிறகு கட்டி வளர்ந்திருக்கலாம், சுருங்கியும் போயிருக்கலாம்.

மூச்சுக்குழாய் 20 தடவைக்கும் மேல் கிளை பிரிகிறது. 5, 6 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான பிராங்கோஸ்கோப் நான்காவது, ஐந்தாவது கிளையோடு நின்றுவிடும். அதைத் தாண்டி மெல்லிய குழாயை எந்தக் கிளையில் திருப்புவது என்று சொல்லத்தான் இந்த வரைபடம்.

ஆனால் வரைபடத்தை அப்படியே நம்புவதும் தவறு. ஸ்கேன் எடுக்கும்போது "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பார்கள். மயக்க மருந்தில் மல்லாந்து படுத்திருக்கும்போது நுரையீரல் அவ்வளவு விரிந்திருக்காது. முதுகுப் பக்கமும் அடிப்பகுதியும் சுருங்கிக் கிடக்கும். கட்டியை அடைந்துவிட்டதாகத் திரை காட்டும். நிஜக் கட்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கட்டியே 2 செ.மீ. என்றால் ஊசி நல்ல சதையில்தான் குத்தும். அதனால்தான் குழாய் வழியே சின்ன அல்ட்ராசவுண்டை விட்டுப் பார்க்கிறார்கள், வசதி உள்ள இடங்களில் மேசையிலேயே ஸ்கேன் எடுக்கிறார்கள். "ஊசி கட்டிக்குள்தான் இருக்குன்னு எதை வச்சு உறுதி பண்ணுவீங்க, டாக்டர்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

எனக்கு மனசு அதிகம் வலிக்கிற தவறு, ரிப்போர்ட் வந்த பிறகு நடப்பது. 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்று படித்ததும் குடும்பமே நிம்மதி அடைந்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். எடுத்த சதையில் இல்லை என்பதுதான் அதன் பொருள். 1 முதல் 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2025-ல் வெளியானது. அதில் நேவிகேஷன் முறை 79 சதவீதம் பேருக்குச் சரியான விடை தந்தது. நெஞ்சுக்கு வெளியிலிருந்து ஊசி போடும் முறைக்கு 74 சதவீதம். நல்ல கைகளில் செய்தும் ஐந்தில் ஒருவருக்கு விடை கிடைக்கவில்லை. 'காசநோய்' என்று தெளிவாக வந்தால் அது ஒரு விடை. வெறும் 'அழற்சி' என்று வந்தால் விடை இன்னும் வரவில்லை. மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கேனா, மறுபடி பயாப்ஸியா (சதை எடுப்பதா) என்று கேட்டு, தேதி வாங்கிக்கொண்டுதான் எழுந்து வர வேண்டும்.

காசநோய் என்றதும் இன்னொன்று. சதை முழுவதையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் மருந்து நீர்) போட்டுவிட்டால் அதில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. காசநோய் அதிகமுள்ள நம் ஊரில் ஒரு துண்டாவது சலைனில் (உப்பு நீரில்) போட்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை மறைக்கவும் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் க்ளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

'வாய் வழியாகவே கட்டியைச் சுட்டுவிடலாமே, ஆபரேஷன் எதற்கு' என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. வாய் வழியாகக் குழாய் விட்டு மைக்ரோவேவ் சூட்டால் கட்டியைச் சுடும் அந்த முறை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு, உடல் தாங்கும் என்றால் அறுவை சிகிச்சைதான் முதல் வழி. தாங்காது என்றால் குறிவைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு.

அப்புறம், வீடு திரும்பும்போது. தொண்டை மரத்திருக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறும். சளியில் லேசாக ரத்தம் வருவது ஓரிரு நாளில் நின்றுவிடும். ஆனால் திடீரென்று நெஞ்சு குத்தினாலோ மூச்சு வாங்கினாலோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் நேவிகேஷன் முறையில் இது 3.3 சதவீதம் பேருக்கு, வெளி ஊசியில் 28.3 சதவீதம் பேருக்கு வந்தது. குறைவுதான், ஆனால் உங்களுக்கு வராது என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பாதி வழியில் இருந்தாலும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் இறங்கிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், "இன்றைக்கு பிராங்கோஸ்கோபி செய்தார்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.