சீலிங்குக்கு மேலே ஓடுவது யார்? வைஃபை கேமரா வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கத்துப் பழைய வீடுகளில் மேலே தகரமோ மங்களூர் ஓடோ இருக்கும், அதற்குக் கீழே பலகை சீலிங். இரண்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம். ராத்திரி அங்கே தடதடவென்று சத்தம் கேட்டால், மறுநாள் காலையில் முதல் வேலையாக எலி மருந்து வாங்கக் கிளம்பிவிடுகிறோம். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மேலே இருப்பது எலிதான் என்று யார் சொன்னது? மரநாய், வௌவால், கூகை என்கிற ஆந்தை எல்லாமே அந்த இடத்தில் குடியிருக்கும். ஒவ்வொன்றையும் வெளியேற்றும் வழி வேறு. எலியாகவே இருந்தாலும், மருந்து தின்றது கை எட்டாத மூலையில் செத்துக் கிடந்தால் அந்த நாற்றத்தோடு நாள்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டும். அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் ஆபத்து.

வாசலில் மாட்டுகிற சாதாரண வைஃபை கேமராவே இந்த வேலைக்குப் போதும். இருட்டில் படம் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வசதியும் மெமரி கார்டு போடும் இடமும் இருக்க வேண்டும். தலை திருப்புவது, பேசுவது எல்லாம் தேவையில்லை. பேட்டரியில் ஓடுகிற கேமராவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது தூங்கிக்கொண்டே இருந்து, அசைவு தெரிந்தபின் விழிக்கும் ரகம். அது விழிப்பதற்குள் எலி ஓடியிருக்கும். ஒயர் உள்ளதே நல்லது.

கீழேயே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்

ஏணியில் உட்கார்ந்துகொண்டு ஆப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹாலில் வைத்தே கேமராவை வைஃபையோடு இணையுங்கள். இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் வேலை செய்யும், அதனால் ரவுட்டரில் அந்த அலைவரிசையோடு இணையுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். தேதி, மணி சரியா என்று பாருங்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதுதான் பாதி விடை. கரண்ட் போய் வந்தபின் சில கேமராக்களில் கடிகாரம் தப்பிவிடும், அதனால் அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அமைப்புகள். 'மனிதர்களை மட்டும் கண்டுபிடி' என்பது போன்ற தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எலி கச்சேரியே நடத்தினாலும் கேமரா கண்டுகொள்ளாது. முதல் ஓரிரண்டு இரவுகள் தொடர்ச்சியாகப் பதிவாகட்டும். நடமாட்டம் எந்த நேரத்தில் என்று தெரிந்தபின், அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி மாற்றலாம். போனுக்கு வரும் அறிவிப்பை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.

மேலே ஏறும்போது

மாஸ்க், கையுறை இல்லாமல் ஏறவே கூடாது. எலியின் மூத்திரத்திலிருந்து எலிக் காய்ச்சல் வரும். வௌவால் எச்சத்தின் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறியபின் துணியால் எடுங்கள். கால் வைப்பது குறுக்குச் சட்டத்தின் மேல் மட்டும். பலகையில் வைத்தால் ஹாலில் வந்து இறங்குவீர்கள். பழைய ஒயரிங் என்றால் மெயினை அணைத்துவிட்டு டார்ச்சோடு போங்கள்.

எச்சத்தைப் பார்த்துவிட்டே இடம் தேர்ந்தெடுங்கள். அரிசி அளவோ அதைவிடச் சின்னதோ என்றால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தால் பெரிய எலி. கையால் தொடாமல் குச்சியால் நசுக்கும்போது பொடிப்பொடியாகி, பூச்சி இறக்கைத் துணுக்குகள் மின்னினால் வௌவால். விரல் தடிமனில், பழக்கொட்டைகள் அப்படியே கிடந்தால் மரநாய். காபித் தோட்டத்துப் பக்கம் என்றால் காபிக் கொட்டையே கிடக்கும். ரோமமும் எலும்பும் சேர்ந்த கறுப்பு உருண்டைகள் எச்சமே அல்ல, கூகை கக்கியவை.

கேமராவை வைக்கும் இடம்

இடம் முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்க ஆசைப்படக் கூடாது. ஒரே ஒரு பாதையைப் பிடியுங்கள். எலிகள் சுவரோரமாகவும் சட்டத்தின் மேலும் ஒரே தடத்தில் ஓடும். உடம்பு உரசி உரசி அங்கே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அந்தத் தடத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி, தாழ்வாக, பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் வாலும் மூஞ்சியும் சரியாகத் தெரியாது.

கேமராவுக்கு முன்னால் அரை மீட்டருக்குள் கட்டையோ ஒட்டடையோ இருந்தால் இன்ஃப்ராரெட் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, அது மட்டும் வெள்ளையாகப் பளபளக்கும், பின்னால் எல்லாம் கும்மிருட்டு. பளபளப்பான தகரமும் இதையே செய்யும், கேமராவைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள்.

அளவுகோல் இல்லாமல் எடுத்த படத்தால் பெரிய பயன் இல்லை. லென்ஸுக்குப் பக்கத்தில் வந்த சுண்டெலி திரையில் பூனை மாதிரி தெரியும். தடத்தை ஒட்டிய சட்டத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு சாக்பீஸால் போட்டுவையுங்கள்.

ஒயரை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். எலி முதலில் கடிப்பது ஒயரைத்தான். தகரம் சிக்னலை மறிக்கும், பலகை மறிக்காது. அதனால் ரவுட்டரை நேர் கீழே உள்ள அறையில் வைத்தால் பெரும்பாலும் போதும். சிக்னல் வராவிட்டாலும் பரவாயில்லை, கார்டில் பதிவாகும், காலையில் எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை மஞ்சு, அதாவது மூடுபனி. கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில், கூரை ஓரத்து இடைவெளி வழியே ஈரம் உள்ளே வந்து லென்ஸ் மங்கிவிடும். ஓரத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள். பாலிதீன் கவர் போட்டுக் கட்டாதீர்கள். ஈரமும் உள்ளேயே தங்கும், வெளிச்சமும் திரும்பி அடிக்கும்.

பதிவைப் படிப்பது

ராத்திரிப் படம் கறுப்பு வெள்ளை, நிறத்தை நம்ப முடியாது. நேரத்தையும் வாலையும் பாருங்கள். பகலில் மட்டும் ஓட்டம் என்றால் அணில். ஓடு நகர்ந்திருந்தால் குரங்கு. பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஓட்டை வழியாக வரிசையாக வெளியே போவது வௌவால். உடம்பைவிட வால் நீளமாக, சட்டத்தின் மேல் சரசரவென்று ஓடுவது எலி. அவசரமே இல்லாமல் நடந்து வந்து, கேமராவைத் திரும்பிப் பார்க்கும்போது கண் இரண்டும் பளிச்சிட்டால் மரநாய்தான். வால் கிட்டத்தட்ட உடம்பளவு நீளம். சாதாரண மரநாய்க்கு முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்பு இருக்கும். பழுப்பு மரநாய்க்கு அது இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு அது, உங்கள் சீலிங்கில் வந்து தங்கியிருந்தால் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மிதந்து போகும் வெள்ளை உருண்டைகள் தூசு, பேய் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஊரைக் கலவரப்படுத்தாதீர்கள்.

தெரிந்தபின்

எலி என்றால் அந்தத் தடத்திலேயே எலிப்பொறி வையுங்கள். சுண்டெலி நுழைய பென்சில் பருமன் ஓட்டையே போதும் என்பதால் இடைவெளிகளை 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையால் அடையுங்கள். கூரைமேல் சாய்ந்திருக்கும் சில்வர் ஓக் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

மரநாய், கூகை என்றால் பொறி, விஷம் எதுவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை அவை. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். கூகை எலி பிடிப்பது. தொந்தரவு இல்லையென்றால் இருக்கட்டும் என்பதே என் கட்சி. மரநாயோ வௌவாலோ குட்டி போட்டிருக்கும்போது வழியை அடைத்தால் தாய் வெளியிலும் குட்டி உள்ளேயும் மாட்டிக்கொள்ளும். குட்டிகளும் தாயோடு வெளியே போகத் தொடங்கிவிட்டன என்று பதிவில் பார்த்தபின், கேமராவை அந்த ஓட்டைப் பக்கம் திருப்பிவைத்து, ஓட்டையில் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகுங்கள். சில நாள் தாள் நகராமல், பதிவிலும் யாரும் இல்லாமல் இருந்தால் ஓர் இரவு வலை அடிக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு வாரம் கேமரா மேலேயே இருக்கட்டும். வந்தவர் வேறு வழி தேடுகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.